குளிர்ல லாக் ஸ்ப்ளிட்டர்: ஆயிலை மாத்தறதா, ஹீட்டர் போடறதா, வேற மெஷினா, இல்ல கோடாலியே போதுமா?

லாக் ஸ்ப்ளிட்டர்னா விறகுக் கட்டைய ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்துல பிளக்கற மெஷின், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற பெட்ரோல் எஞ்சின் வெச்சது. போன வாரம் டொரான்டோ ஸ்கார்பரோலேர்ந்து ஒரு அண்ணன் போன் பண்ணார். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பக்கத்துல ஒரு காட்டேஜ் வாங்கினவர், யாழ்ப்பாணத்துக்காரர். "தம்பி, கயிறு இழுத்து இழுத்து என்ர தோள்மூட்டே கழண்டு போச்சு, மெசின் ஸ்டார்ட் ஆகுதே இல்லை, புதுசு ஒண்டு வாங்கட்டோ?"ன்னாரு. இதே கேள்விய இந்த சீசன்ல வேற மூணு பேரும் கேட்டாச்சு, ஒருத்தர் டேங்க்ல ஒட்டற ஹீட்டர் வாங்கலாமான்னு, ஒருத்தர் கரண்ட்ல ஓடற ஸ்ப்ளிட்டர் நல்லதான்னு, இன்னொருத்தர் ஆட்டோமேட்டிக் கார் கியர் பாக்ஸுக்கு ஊத்தற டிரான்ஸ்மிஷன் ஆயில் ஊத்தினா பம்ப் போயிடும்னு யாரோ பயமுறுத்திட்டாங்கன்னு. தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதான் மொத்தமா எழுதிடறேன்.

நான் இருக்கறது ஒன்டாரியோல பான்கிராஃப்ட் பக்கம், டொரான்டோலேர்ந்து வடகிழக்கா மூணு மணி நேரம். ஜனவரி ராத்திரில மைனஸ் 20, 25 எல்லாம் இங்க சாதாரணம். வீட்டுக்கு சூடு விறகு அடுப்புதான், அதனால இது எனக்கு பொழுதுபோக்கு இல்ல.

எதை வெச்சு முடிவு பண்றது

விலைய பாக்கறதுக்கு முன்னாடி நாலு விஷயத்துக்கு பதில் சொல்லிக்கோங்க.

ஒண்ணு, நீங்க நிஜமா எந்தக் குளிர்ல வேலை செய்வீங்க. ஊர்ல அடிக்கற அதிகபட்ச குளிர் கணக்கில்ல, நீங்க கோட்டு மாட்டிட்டு வெளிய போற நாளோட குளிர்தான் கணக்கு. மைனஸ் 8ல பிளக்கறவருக்கும் மைனஸ் 22ல பிளக்கறவருக்கும் பதில் ஒரே மாதிரி வராது.

ரெண்டு, மெஷின் ராத்திரி எங்க தூங்குது. கராஜ்லயா, தார்ப்பாய்க்கு அடியிலயா, மரம் வெட்டின எடத்துலயேவா, பக்கத்துல பிளக் பாயின்ட் இருக்கா. என்னக் கேட்டா இதுதான் இருக்கறதுலயே பெரிய கேள்வி, ஆனா யாரும் இத கேக்கறதே இல்ல.

மூணு, எவ்வளவு விறகு. இங்க புஷ் கார்ட்னா 4க்கு 4க்கு 8 அடி, அதாவது 128 கன அடி. ஃபேஸ் கார்ட்னு விக்கறது பெரும்பாலும் அதுல மூணுல ஒரு பங்குதான். வாரக்கடைசில காட்டேஜுக்கு வந்து நெருப்பு போடறவருக்கு வருஷத்துக்கு ஒரு கார்ட் போதும், வீட்டையே விறகுல சூடாக்கறவருக்கு ஏழெட்டு வேணும்.

நாலு, அதே மெஷின ஜூலைலயும் ஓட்டுவீங்களா. இது ஆயில் விஷயத்துல வந்து மாட்டும், கீழ சொல்றேன்.

ஏன் கயிறே இழுக்க வரல

இத புரிஞ்சுக்கிட்டா பாதி செலவு மிச்சம். ஸ்ப்ளிட்டர்ல எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவுல கிளட்ச் கிடையாது. ஒரு கப்ளிங், அதுக்கு நடுவுல ரப்பர்ல ஒரு ஸ்பைடர், அவ்ளோதான். அதனால நீங்க கயிறு இழுக்கும்போது எஞ்சின மட்டும் இழுக்கல, பம்பையும் சேத்து சுத்தறீங்க, பம்ப் டேங்க்ல இருக்கற ஆயில உறிஞ்சி வால்வ் வழியா திருப்பி டேங்குக்கே தள்ளிட்டு இருக்கும், லீவர நீங்க தொடவே இல்லன்னாலும். அந்த ஆயில் கெட்டியா இருந்தா உங்க தோள்தான் அத தள்ளணும்.

எவ்வளவு கெட்டி? சாதா ஹைட்ராலிக் ஆயில் டப்பால ஏடபிள்யூ 46னு போட்டிருக்கே, அந்த 46ங்கறது 40 டிகிரி சூட்டுல இருக்கற பிசுபிசுப்பு. மைனஸ் 20ல அதே ஆயில் சுமார் 4,500 ஆயிடும், ஏறக்குறைய நூறு மடங்கு. நம்ம ஊர்ல மார்கழி காலைல தேங்காய் எண்ணெய் பாட்டில வெயில்ல வெச்சு உருக்குவோமே, அது ஒரேயடியா உறைஞ்சு போற ரகம், பாத்த உடனே தெரிஞ்சிடும். இது அப்படி இல்ல, வெல்லப்பாகு ஆறற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா இறுகும், டேங்க் மூடிய தெறந்து பாத்தா ஆயில் மாதிரியேதான் இருக்கும், ஆனா பம்ப் உறிஞ்சறதுக்கு வராது.

உறிஞ்ச வராதப்போ பம்புக்குள்ள வெற்றிடம் உருவாகி குமிழி வெடிக்கும், கூழாங்கல்ல தகர டப்பால போட்டு குலுக்கற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்த சத்தம் கேட்டா உடனே த்ராட்டில கொறைங்க, ஒவ்வொரு நிமிஷமும் பம்புக்குள்ள உலோகம் அரிச்சுட்டு இருக்குன்னு அர்த்தம். பொதுவா கியர் பம்ப ஸ்டார்ட் பண்ற நேரத்துல பிசுபிசுப்பு 1,000லேர்ந்து 2,000க்குள்ள இருக்கணும்னு சொல்வாங்க. 4,500 எங்க, 2,000 எங்க.

இன்னும் ரெண்டு கூத்து இருக்கு. நம்ம ஸ்ப்ளிட்டர் பம்ப் பெரும்பாலும் ரெண்டு ஸ்டேஜ், கட்டை தொடற வரைக்கும் பெரிய கியர் வேகமா ஆயில் தள்ளும், அழுத்தம் 500, 600 பிஎஸ்ஐ தாண்டினா பெரிய கியர் விலகிக்கிட்டு சின்ன கியர் மட்டும் மெதுவா ஆனா பலமா தள்ளும். குளிர்ல ஹோஸ் வழியா ஆயில தள்றதுக்கே அந்த அழுத்தம் வந்துடறதால கட்டையே இல்லாம மெஷின் ஸ்லோ ஸ்டேஜுக்கு போயிடும், ராம், அதாவது கட்டைய தள்ளற தண்டு, நத்தை மாதிரி ஊரும். ரெண்டாவது, லீவர பின்னாடி தள்ளி விட்டா ராம் தானா திரும்பி வந்து நிக்கணும் இல்லையா, அதுவரைக்கும் லீவர புடிச்சு வெக்கற லாக் பாதிலயே டக்குனு விடுபட்டுடும், கையால புடிச்சிட்டே நிக்கணும். நெறைய பேர் வால்வ் போச்சுன்னு நெனச்சு புது வால்வ் வாங்கிடறாங்க. வால்வ் நல்லாதான் இருக்கு, ஆயில்தான் கெட்டி.

வழி 1: எதையும் மாத்தாம, பொறுமையா சூடேத்தி ஓட்டறது

செலவு பூஜ்யம், பெட்ரோல் மட்டும். மைனஸ் 10 வரைக்கும் வேலை செய்யறவருக்கு இதுவே போதும்னு அடிச்சு சொல்வேன்.

முறை இதுதான். சுவிட்ச் ஆஃப்ல வெச்சு கயிற நாலஞ்சு தடவ மெதுவா இழுங்க, ஆயில் கொஞ்சம் அசைஞ்சு குடுக்கும். அப்பறம் சோக் போட்டு ஸ்டார்ட் பண்ணி த்ராட்டில பாதிக்கும் கீழ வெச்சு 10 நிமிஷம் லீவர் பக்கமே போகாதீங்க. வேகம் கம்மின்னா பம்ப் கேக்கற ஆயிலும் கம்மி, உறிஞ்சற பக்கம் தாங்கும். அப்பறம் ராம ஒரு சாண் முன்னாடி, ஒரு சாண் பின்னாடி, அப்படியே நீளத்த கூட்டிட்டு போய் முழு ஸ்ட்ரோக். சிலிண்டர்ல இருக்கற குளிர்ந்த ஆயிலும் டேங்குக்கு வந்து கலக்கணும், அதுக்குத்தான் இது. டேங்க தொட்டா விரலுக்கு சில்லுனு இல்லாம இருந்தா ஆரம்பிக்கலாம்.

மறைமுக செலவு உங்க பொறுமைதான். என் கதைய சொல்றேன். வாங்கின முதல் வருஷம், மைனஸ் 22, கம்பெனில ஊத்திக் குடுத்த 46 ஆயில் உள்ள. கயிறு எப்படியோ இழுத்து ஸ்டார்ட் ஆயிடுச்சுங்கற சந்தோஷத்துல த்ராட்டில முயல் படத்துக்கு, அதாவது முழு வேகத்துக்கு, தள்ளிட்டேன். ரிட்டர்ன் ஃபில்டர் கேஸ்கட் பிதுங்கிக்கிட்டு வந்து ஆயில் ஃபேன் அடிக்கற மாதிரி பீய்ச்சிடுச்சு, சுவிட்ச் எங்கன்னு தேடறதுக்குள்ள மூணு லிட்டர் பனில போயாச்சு. அந்த ஆயிலோட ஊறின பனிய மண்வெட்டில வாரி பக்கெட்ல போட்டு, கரைய வெச்சு, டவுன்ஷிப் கழிவு டிப்போல குடுக்கறதுக்கு ஒரு சனிக்கிழமை போச்சு. மெஷின் மேல தப்பில்ல, மேனுவல்ல எழுதியிருந்தது, நான் படிக்கல.

வழி 2: ஆயிலை மாத்தறது

இதுதான் என் ஓட்டு, அதனால இங்க கொஞ்சம் நீட்டிப் பேசறேன்.

முதல்ல ஒரு மூட நம்பிக்கைய ஒடைக்கணும். "டிராக்டர் ஆயில் ஊத்து, அது எல்லாத்துக்கும் ஆகும்"னு பண்ணைக்காரங்க சொல்வாங்க. ஆகும்தான், ஆனா சாதா டிராக்டர் ஹைட்ராலிக் ஆயில் 40 டிகிரில 55, 60 பக்கம் இருக்கு, 46 ஆயில விடவே தடிப்பு. குளிர்ல அது இறுகறது கொஞ்சம் கம்மிங்கறதால 46 கூட சரிசமமா வந்து நிக்கும், அவ்ளோதான். அதுலயே லோ விஸ்காசிட்டின்னு தனியா ஒண்ணு விக்கறாங்க, அது வேற சமாச்சாரம், அது நல்லா இருக்கும்.

பிசுபிசுப்பு 1,500ஐ தாண்டற எடத்த எல்லைன்னு வெச்சு, சாதாரணமா கம்பெனி டேட்டா ஷீட்ல போட்டிருக்கற நம்பர்கள வெச்சு நான் கணக்கு போட்டு பாத்தது கீழ. கம்பெனிக்கு கம்பெனி ரெண்டு மூணு டிகிரி முன்ன பின்ன இருக்கும்.

| ஆயில் | சுமாரா எந்தக் குளிர் வரை ஸ்டார்ட் பண்ணலாம் | கோடையில |
|---|---|---|
| ஏடபிள்யூ 46 | மைனஸ் 10 | ரொம்ப நல்லது |
| சாதா டிராக்டர் ஆயில் | மைனஸ் 12 | ரொம்ப நல்லது |
| ஏடபிள்யூ 32 | மைனஸ் 16 | நல்லது |
| ஆல் சீசன் ஹைட்ராலிக் 32 | மைனஸ் 22 | நல்லது |
| டிரான்ஸ்மிஷன் ஆயில், டெக்ஸ்ரான் 3 ரகம் | மைனஸ் 25 | பரவால்ல |
| ஆல் சீசன் ஹைட்ராலிக் 22 | மைனஸ் 29 | நாள் பூரா ஓட்டினா ரொம்ப இளகிடும் |

32ம் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் 40 டிகிரில கிட்டத்தட்ட ஒரே தடிப்புதான், ஆனா மைனஸ் 20க்கு வந்தா 32 ஆயில் 2,300 கிட்ட, டிரான்ஸ்மிஷன் ஆயில் 900 சொச்சம். விஸ்காசிட்டி இன்டெக்ஸ்னு கம்பெனி டேட்டா ஷீட்ல ஒரு நம்பர் இருக்கும், அது அதிகமா இருந்தா குளிர்ல தடிப்பு கம்மியா ஏறும், சாதா ஹைட்ராலிக் ஆயில்ல 100 பக்கம், ஆல் சீசன்ல 150, டிரான்ஸ்மிஷன் ஆயில்ல அதுக்கும் மேல. குளிர்காலத்துக்கு வாங்கறவங்க 32ஆ 46ஆன்னு பாக்கறத விட இந்த நம்பர பாக்கணும்.

டிரான்ஸ்மிஷன் ஆயில் ஊத்தினா பம்ப் போயிடுமா? போகாது. நிறைய ஸ்ப்ளிட்டர் மேனுவல்லயே டெக்ஸ்ரான் 3 இல்லன்னா 10 வெயிட் ஹைட்ராலிக் ஆயில் ஊத்துன்னு போட்டிருக்கு, உங்க மேனுவல்ல என்ன போட்டிருக்குன்னு ஒரு தடவ பாத்துக்கோங்க, அது போதும். சிவிடி கியர் பாக்ஸ் ஆயில் மட்டும் வேண்டாம், அது வேற ஜாதி. டிரான்ஸ்மிஷன் ஆயில்ல எனக்கு புடிச்ச விஷயம் அதோட செவப்பு கலர், பனில ஒரு சொட்டு விழுந்தாலும் குங்குமம் சிந்தின மாதிரி தெரியும். 46 ஆயில் லீக் ஆனா ஏப்ரல்ல பனி கரைஞ்சப்பறம்தான் தெரியும்.

ஆல் சீசன் ஹைட்ராலிக் ஆயிலுக்கும் டிரான்ஸ்மிஷன் ஆயிலுக்கும் நடுவுல எதுன்னு கேட்டா, 20 லிட்டர் வாளியா வாங்கற எடம் பக்கத்துல இருந்தா ஆல் சீசன் 32. அது இதுக்குன்னே செஞ்சது, தண்ணிய பிரிச்சு விடற குணமும் அதுல நல்லா இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஊர்க்கடைல எது கெடைக்குதோ அதுதான்னா டிரான்ஸ்மிஷன் ஆயில். ரெண்டுமே தப்பில்ல.

இப்ப மறைஞ்சிருக்கற கணக்கு. டேங்க வடிச்சா ஆயில் முழுசா போயிடும்னு நெனைக்காதீங்க. 4 இன்ச் சிலிண்டர், 24 இன்ச் ஸ்ட்ரோக்னா, ராம் முழுசா உள்ள இருக்கறப்பகூட ராடு பக்கம் 4 லிட்டர் கிட்ட பழைய ஆயில் நிக்கும், ஹோஸ்ல இருக்கறது தனி. 15 லிட்டர் டேங்க்ல புதுசு ஊத்தினா அஞ்சுல ஒரு பங்கு பழசு கலந்துடும். கலந்தா வெடிக்காது, ஆனா மேல சொன்ன டிகிரில சுமார் மூணு இழந்துடுவீங்க. முதல் தடவ மாத்தறவங்க விலை கம்மியான 32 வாங்கி ஒரு மணி நேரம் ஓட்டி, அத கொட்டிட்டு அப்பறம் நல்லத ஊத்தறது ஒரு வழி. எனக்கு அவ்வளவு பொறுமை இல்ல, ரிட்டர்ன் ஹோஸ கழட்டி பக்கெட்ல விட்டு, எஞ்சின் ஓடாம, ராம கயிறு கட்டி வெளிய இழுத்து காலி பண்ணேன். அழுக்கு வேலை, செப்டம்பர்ல பண்ணுங்க, ஜனவரில விரல் வெறைச்சு நட்டு புடிக்க முடியாது.

அதோட ஃபில்டரயும் மாத்துங்க. டேங்க் அடில தண்ணி இருக்கான்னு பாருங்க. வெளிய நிக்கற டேங்க் தெனமும் சூடாகி ஆறி ஈரக்காத்த உறிஞ்சுது, அந்த தண்ணி அடில போய் ஐஸாகி உறிஞ்சற வலைய அடைச்சிடும், அப்ப நீங்க ஆர்க்டிக் ஆயிலே ஊத்தினாலும் ஒண்ணும் நடக்காது. ஆயில் பால் டீ கலர்ல இருந்தா அதுதான் விஷயம்.

கோடை பத்தி: டிரான்ஸ்மிஷன் ஆயில்ல ஜூலைல நாலு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினா மெஷின் கடைசி ஒரு மணி நேரம் கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருக்கு, முரட்டு கட்டைல நல்லாவே தெரியும். எனக்கு அது பெருசா படல. நீங்க கோடைல வாடகைக்கு விடற ஆளா இருந்தா 46லயே இருந்துக்கிட்டு அடுத்த வழிக்கு போங்க.

வழி 3: ஹீட்டர்

காந்தத்துல ஒட்டறது, சிலிக்கோன் பேடா பசை போட்டு ஒட்டறதுன்னு ரெண்டு ரகம். 250 வாட்னு வெச்சுக்குவோம், 16 லிட்டர் ஆயில் சுமார் 14 கிலோ, கணக்குப்படி நிமிஷத்துக்கு அரை டிகிரி ஏறணும். ஆனா மைனஸ் 20ல டேங்க் இரும்பு சூட்ட வெளிய விட்டுட்டே இருக்கும், காத்து அடிச்சா இன்னும் மோசம், பாதிதான் நிக்கும்னு எடுத்துக்கோங்க. மைனஸ் 20லேர்ந்து பூஜ்யத்துக்கு வர ஒண்ணரை மணி நேரம். கரண்ட் செலவு அரை யூனிட்கூட வராது, அது பிரச்சனையே இல்ல.

பிரச்சனை என்னன்னா டேங்க் மட்டும்தான் சூடாகும். ஹோஸ், வால்வ், சிலிண்டர் எல்லாம் அதே மைனஸ் 20ல கெடக்கும், அதனால ஹீட்டர் போட்டாலும் முதல் பத்து ஸ்ட்ரோக்க மெதுவாதான் எடுக்கணும். ஆனா முக்கியமான உறிஞ்சற பக்கம் சரியாயிடும், கயிறு இழுக்க வரும், பம்ப் தப்பிச்சிடும். 46 ஆயில்லயே இருந்தாகணும்னு இருக்கறவருக்கு, பிளக் பாயின்ட் பக்கத்துல இருக்கறவருக்கு இது நல்ல வழி. காட்டுக்குள்ள ஓட்டறவருக்கு இது வெறும் காந்தம்.

சில மெஷின்ல டேங்கே ஃப்ரேமோட சேந்து கீழ அச்சுக்குழாய்லயே இருக்கும், வளைஞ்ச எடத்துல காந்தம் முழுசா ஒட்டாது, வாங்கறதுக்கு முன்னாடி கை வெச்சு பாருங்க. காஸ் டார்ச், மண்ணெண்ண ஊதி ஹீட்டர் இதெல்லாம் டேங்குக்கு அடில காட்டறவங்கள பாத்திருக்கேன். ஒரு அடி மேல பெட்ரோல் டேங்க் இருக்குப்பா.

உண்மைல இருக்கறதுலயே மலிவான ஹீட்டர் கராஜ்தான். முந்தின நாள் ராத்திரி உள்ள தள்ளி விட்டா காலைல மொத்த மெஷினும், ஹோஸ் சிலிண்டர் உட்பட, 3, 4 டிகிரில இருக்கும். பெட்ரோல் வால்வ மூடி வைங்க, தண்ணி சூடு பண்ற ஹீட்டர் பக்கத்துல நிறுத்தாதீங்க, காலைல வெளிய தள்ளிட்டு அப்பறம் ஸ்டார்ட் பண்ணுங்க. கதவ முழுசா தெறந்து வெச்சா கராஜுக்குள்ளயே ஓட்டலாம்னு சிலர் நெனைக்கறாங்க. கூடாது, கார்பன் மோனாக்சைடு கதவு தெறந்திருக்கான்னு பாக்கறதில்ல.

வழி 4: வேற மெஷின்

கரண்ட்ல ஓடற சின்ன ஸ்ப்ளிட்டர், 5லேர்ந்து 7 டன். கராஜுக்குள்ள வெச்சு டீ குடிச்சிக்கிட்டே பிளக்கலாம், புகை இல்ல, சத்தம் கம்மி. நேரான ஆஷ் மரம், மேப்பிள், 10, 12 இன்ச் வரைக்கும் நல்லா போகும். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு கார்ட் போதும்ங்கறவருக்கு, முக்கியமா கராஜ் இருக்கறவருக்கு, மத்த எல்லாத்தயும் விட இதுதான் மேல். ஆனா இதுக்குள்ளயும் அதே ஹைட்ராலிக் ஆயில்தான் இருக்கு, குளிர்ல வெளிய போட்டு ஓட்டினா மோட்டார் திணறி பிரேக்கர் விழும். மெலிசான நீள எக்ஸ்டென்ஷன் கார்டுல போட்டா இன்னும் சீக்கிரம் விழும், 12 கேஜ் கார்டு, எவ்வளவு குட்டையா முடியுமோ அவ்வளவு குட்டையா.

அடுத்தது ஃப்ளைவீல் ஸ்ப்ளிட்டர். ஆயிலே கிடையாது, கனமான சக்கரம் சுத்திட்டே இருக்கும், லீவர் தட்டினா பல்சட்டம் கட்டைய அடிச்சிட்டு ரெண்டு மூணு செகண்டுல திரும்பிடும். குளிர்னா அதுக்கு ஒண்ணுமே இல்ல, எஞ்சின் ஸ்டார்ட் ஆனா போதும். வருஷத்துக்கு பத்து கார்ட், அதுவும் குளிர்லயே, நேரான மரமான்னா யோசிக்காம இது. ஆனா விலை அதிகம், முடிச்சு விழுந்த எல்ம் மாதிரி மரத்த ஹைட்ராலிக் மாதிரி நின்னு அமுக்காது, திரும்பத் திரும்ப அடிக்கணும். வேகமும் ஒரு ஆபத்துதான், விரல் வெறைச்ச கையோட அந்த வேகத்துக்கு ஈடு குடுக்க எனக்கு தைரியம் வரல. பக்கத்து பண்ணைல ஒருத்தரோடத அரை நாள் ஓட்டினேன், ஆசையா இருந்தது, வாங்கல.

டன் கணக்க பாத்து ஏமாறாதீங்கன்னு இங்கயே சொல்லிடறேன். 4 இன்ச் சிலிண்டர் 3,500 பிஎஸ்ஐல தள்ளினாதான் 22 டன். அதே சிலிண்டருக்கு 2,500 பிஎஸ்ஐன்னா 16 டன்கூட வராது. ஸ்டிக்கர்ல என்ன போட்டாலும் சிலிண்டர் அளவும் பிரஷரும் கேட்டு, சிலிண்டர் வாயோட பரப்பளவ பிரஷரால பெருக்கிப் பாருங்க.

வழி 5: கோடாலி, இல்லன்னா மார்ச் வரைக்கும் சும்மா இருக்கறது

சிரிக்காதீங்க. பச்சை மரத்துக்குள்ள இருக்கற தண்ணி உறைஞ்சா மரம் நொறுங்கற குணத்துக்கு வந்துடும். ஜூலைல கோடாலிய கவ்விக்கற மேப்பிள் கட்டை மைனஸ் 15ல ஒரே அடில "டங்"குனு ரெண்டா போகும், அந்த சத்தமே ஒரு போதை. ஆஷ் மரமும் அப்படித்தான். இங்க ஆஷ் மரத்துக்கு பஞ்சமே இல்ல, எமரால்டு ஆஷ் போரர்ங்கற பச்சை வண்டு 2002ல வின்ட்சர்ல கண்டுபிடிச்சதுலேர்ந்து மாகாணத்துல நெறைய எடத்துல நின்ன நெலைல செத்துட்டு இருக்கு. அந்த வண்டு பரவும்ங்கறதாலதான் விறகு வெட்டின ஊர விட்டு தூரமா கொண்டு போகாதீங்கன்னு சொல்றாங்க. எல்ம் மட்டும் உறைஞ்சாலும் நார் நாராத்தான் வரும், அதுக்கு கோடாலி எடுக்கறது வீண்.

கோடாலியும் குளிர்ல உடையும். ராத்திரி பூரா வெளிய கெடந்த கோடாலிய எடுத்து முதல் அடியே முழு பலத்துல போட்டா முனை சில்லு சில்லா போகும். வீட்டுக்குள்ள வெச்சிருந்து எடுத்துட்டு போங்க.

சும்மா இருக்கறதும் ஒரு வழிதான். ஜனவரில பிளக்கற பச்சை விறகு இந்த குளிருக்கு எரியப் போறதில்ல, அடுத்த வருஷத்துக்கு, ஓக்னா அதுக்கும் அடுத்த வருஷத்துக்கு. அப்பறம் எதுக்கு மைனஸ் 22ல நின்னு மெஷினயும் தோளையும் வதைக்கணும்? மார்ச் முதல் ரெண்டு வாரம் காலைல மைனஸ் 6, 7 இருக்கும், கட்டை உள்ள இன்னும் உறைஞ்சுதான் கெடக்கும், தரை இறுகியிருக்கும், சக்கரம் சேத்துல மாட்டாது, ஆயிலும் ஓடும், கொசுவும் இல்ல. நான் இப்ப பாதி வேலைய அந்த ரெண்டு வாரத்துலதான் முடிக்கறேன். இந்த வருஷ விறகே தீந்து போயி காஞ்ச கட்டைய அவசரமா பிளக்கறவங்கதான் மைனஸ் 20ல நிக்க வேண்டிய ஆளுங்க.

எஞ்சின் பத்தி ஒரு பத்தி

பாதி பேருக்கு பிரச்சனை பம்ப்ல இல்ல, எஞ்சின்ல. எஞ்சின் ஆயில் 10டபிள்யூ-30 இருந்தா 5டபிள்யூ-30 போடுங்க, சின்ன எஞ்சின்ல அரை லிட்டர் சொச்சம்தான் புடிக்கும், இருக்கறதுலயே மலிவான மாற்றம் இதுதான். ஆகஸ்ட்ல வாங்கின பெட்ரோல் ஜனவரில சரியா பத்தாது, குளிர்கால பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகற மாதிரி கலந்து வரும், புதுசா வாங்குங்க. மைனஸ் 20 பக்கம் ப்ரீதர் குழாய்ல (எஞ்சின் உள்ள இருக்கற காத்து வெளிய போற குழாய்) ஈரம் உறைஞ்சு அடைச்சுக்கிட்டா எஞ்சினுக்குள்ள அழுத்தம் ஏறி ஆயில் சீல வெளிய தள்ளிடும். ஓடிட்டு இருக்கறப்ப அந்த குழாய அப்பப்ப பாருங்க.

அந்த அண்ணனுக்கு என்ன சொன்னேன்

அவருக்கு கராஜ் கிடையாது, ஒரு ஷெட், பிளக் இல்ல, வருஷத்துக்கு மூணு கார்ட், மாசத்துக்கு ரெண்டு வாரக்கடைசி, போற நாள் எந்தக் குளிரோ அந்தக் குளிர்லதான் வேலை. ஹீட்டருக்கு கரண்ட் இல்ல, புது மெஷினுக்கு தேவை இல்ல. டிரான்ஸ்மிஷன் ஆயில், புது ஃபில்டர், 5டபிள்யூ-30, 10 நிமிஷம் பொறுமை, அவ்ளோதான்னேன். வாரக்கடைசி மாத்திட்டார். ரெண்டாவது இழுப்புல ஸ்டார்ட் ஆச்சாம், மைனஸ் 17. சாயங்காலமே ஒரு போட்டோ அனுப்பினார், வால்வுக்கு கீழ பனில காசு அளவுக்கு செவப்பா ஒரு வட்டம், "தம்பி இது என்ன, விரலால தடவிப் பாக்கட்டோ?"ன்னு. உடனே போன் போட்டு கத்தினேன். ஊசி முனை அளவு ஓட்டைல 2,500 பிஎஸ்ஐல வர்ற ஆயில் க்ளவுஸையும் தோலையும் சேத்து துளைச்சு உள்ள போயிடும், பாத்தா சின்ன கீறல் மாதிரிதான் இருக்கும், ஆனா நேரா எமர்ஜென்சிக்கு ஓட வேண்டிய காயம். எஞ்சின ஓட விட்டு, தள்ளி நின்னு, ஒரு நீள அட்டைத் துண்ட ஃபிட்டிங் பக்கம் காட்டுங்க, செவப்பு எங்க படுதுன்னு பாருங்கன்னேன். பழைய லீக்தான், ஃபில்டர் பக்கத்து ஹோஸ் கிளாம்ப் லூஸா இருந்திருக்கு, எஞ்சின ஆஃப் பண்ணிட்டு அரை சுத்து முடுக்கினதுல நின்னு போச்சு.